முத்துலட்சுமி ரெட்டி

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 – ஜூலை 22, 1968) தமிழ்நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் சமூக சீர்திருத்தவாதியும் ஆவார். சென்னை மாகாண சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினராகவும் அதன் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். தேவதாசி முறை ஒழிப்புக்காகவும் குழந்தைத் திருமணத் தடைக்காகவும் போராடியவராகப் பரவலாக அறியப்படுகிறார். சென்னை அடையாறில் ஒளவை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார். தென்னிந்தியாவில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பணிகளுக்கு, குறிப்பாகப் பெண்களைத் தாக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய் குறித்த பணிகளுக்கு, இம்மருத்துவமனை பின்னாளில் ஒரு மையமாக அமைந்தது.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி அன்றைய புதுக்கோட்டை சமத்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், கோயில் பணிக்குப் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கம் நிலவிய இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெற்றோருக்கு இவர் மூத்த மகள்.

பெண்கள் பருவமடைந்தவுடன் பள்ளியை விட்டு நிறுத்தப்படுவது வழக்கமாக இருந்த காலம் அது. முத்துலட்சுமியும் வீட்டிலிருந்தே தந்தையின் துணையுடன் படித்து 1902ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். பின்னர் ஆண்கள் மட்டுமே படித்து வந்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். பெண் ஒருவர் அக்கல்லூரியில் சேர்வதற்கும், அவருடைய தாய்வழிப் பின்னணிக்கும் எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்ததோடு உதவித்தொகையும் வழங்கினார். இதனால் முத்துலட்சுமி அக்கல்லூரியின் முதல் மாணவி ஆனார்.

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பதக்கங்களுடன் மருத்துவப் பட்டம் பெற்றார். இந்தியாவின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் இவரும் ஒருவர். பட்டம் பெற்ற பின் சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியில் சேர்ந்தார்.

திருமணம்

1914ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்னும் நிபந்தனைகளை முன்வைத்தே திருமணத்திற்கு ஒப்புக்கொண்டார். சடங்குகள் இன்றி, 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி இத்திருமணம் நடைபெற்றது. இவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மகன்கள். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி பின்னாளில் புற்றுநோய் மருத்துவராகித் தாயின் பணியைத் தொடர்ந்தார்.

தங்கையின் மறைவு

1923ஆம் ஆண்டு முத்துலட்சுமியின் தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். தொடக்கத்தில் அவருடைய நோய் சீதபேதி எனக் கருதப்பட்டு அதற்கான மருந்துகளே கொடுக்கப்பட்டன. மலக்குடலில் ஏற்பட்ட புற்றுநோய் என்பது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. குடும்பத்திலேயே மருத்துவர்கள் இருந்தும், மாகாணத் தலைநகரிலேயே வாழ்ந்தும், அந்நோயை உரிய காலத்தில் அறியவோ குணப்படுத்தவோ இயலவில்லை. இந்த நிகழ்வு முத்துலட்சுமியின் மனத்தில் ஆழப் பதிந்தது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்றைத் தொடங்க வேண்டும் என்னும் எண்ணம் இதிலிருந்தே தோன்றியது.

இலண்டன் பயணம்

1925ஆம் ஆண்டு அரசு உதவித்தொகையுடன் பெண்கள், குழந்தைகள் நோய் குறித்த மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றார். செல்சி மகளிர் மருத்துவமனையில் பயிற்சி பெற்றதுடன், ராயல் மார்சுடன் என இன்று அழைக்கப்படும் புற்றுநோய் மருத்துவமனையின் பணிகளையும் நேரில் கண்டார். புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனையும் ஆய்வும் இயங்குவதைப் பார்த்தது, சென்னையிலும் அவ்வாறு செய்ய முடியும் என்னும் நம்பிக்கையை அவருக்கு அளித்தது. 1926இல் பாரிசில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்து கொண்டார்.

அக்காலத்தில் புற்றுநோய் மருத்துவம் தொடக்க நிலையிலேயே இருந்தது. ரேடியம் கொண்டு குணப்படுத்தப்பட்ட முதல் புற்றுநோய்களுள் கருப்பை வாய்ப் புற்றுநோயும் ஒன்று. கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியை ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்சு இன்செல்மான் 1925ஆம் ஆண்டை ஒட்டியே உருவாக்கினார். கருப்பை வாய்ப் பகுதியிலிருந்து எடுத்த உயிரணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து புற்றுநோயைக் கண்டறியும் முறையை கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜார்ஜ் பாப்பனிக்கொலாவு 1928இல் முதன்முதலாக அறிவித்தார். அம்முறை 1940களில்தான் மருத்துவர்களிடையே ஏற்பைப் பெற்றது. பாப் பரிசோதனை என இன்று அறியப்படுவது இதுவே.

சட்டமன்றப் பணி

1926ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். இதன் மூலம் அவ்வவையின் முதல் பெண் உறுப்பினர் ஆனார். 1927இல் அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மருத்துவராகத் தாம் கண்டவற்றையே சட்டமன்றத்திலும் பேசினார். குழந்தைகளுக்கான சிறப்பு மருத்துவமனை, பள்ளி மாணவியருக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைச் சிறுமியருக்குக் கட்டணமில்லாக் கல்வி ஆகியவற்றை வலியுறுத்தினார். 1928ஆம் ஆண்டு பெண்ணின் திருமண வயதை 16 ஆகவும் ஆணின் திருமண வயதை 21 ஆகவும் உயர்த்தப் பரிந்துரைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனக் குறைந்தபட்ச வயதை நிர்ணயித்தது.

மிக இளம் வயதில் நடக்கும் திருமணமும் அடுத்தடுத்த பிள்ளைப்பேறும் பெண்ணின் உடலைச் சீர்குலைப்பதை முத்துலட்சுமி தம் மருத்துவப் பணியில் நேரில் கண்டிருந்தார். இளம் வயதில் தொடங்கும் மண வாழ்வும் பல பிள்ளைப்பேறுகளும் கருப்பை வாய்ப் புற்றுநோயின் இடர்க் காரணிகளுள் அடங்கும் என்பது பிற்கால ஆய்வுகளில் உறுதியானது. இந்நோய்க்கு அடிப்படைக் காரணம் மனிதப் பாப்பிலோமா தீநுண்மி என்னும் வைரசுத் தொற்று ஆகும். இதனைக் கண்டறிந்த ஹரால்டு சூர் ஹவுசன் 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். எனவே திருமண வயதை உயர்த்துவதற்காக நடந்த போராட்டம், அன்று யாரும் அறியாத வகையில், இந்நோய்த் தடுப்புக்கும் துணை செய்தது எனலாம்.

தேவதாசி முறையை ஒழிக்கும் தீர்மானத்தை 1927இல் அவையில் கொண்டுவந்தார். அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் இது தொடர்பான திருத்தம் செய்யப்பட்டது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. கல்வி நிலை குறித்து ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் முத்துலட்சுமி உறுப்பினராக இருந்தார்.

1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து, சட்டமன்றப் பொறுப்பிலிருந்து விலகினார். தம் சட்டமன்ற அனுபவங்களை அதே ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார்.

ஒளவை இல்லம்

தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமியருக்கு அன்றைய விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. அவர்களுக்குத் தம் வீட்டிலேயே இடமளித்தார் முத்துலட்சுமி. 1930களின் தொடக்கத்தில் இதுவே ஒளவை இல்லமாக உருவெடுத்தது. ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியருக்கும் உறைவிடமும் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிக்கும் நிறுவனமாக அடையாறில் இது வளர்ந்தது. 1931இல் லாகூரில் நடைபெற்ற அனைத்திந்தியப் பெண்கள் மாநாட்டுக்கு முத்துலட்சுமி தலைமை வகித்தார். 1930களில் இந்தியப் பெண்கள் சங்கத்தின் இதழான ஸ்திரீ தர்மத்தின் ஆசிரியராகவும் இருந்தார்.

புற்றுநோய் மருத்துவமனை

1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவின்போது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை தேவை என்னும் கருத்தை முத்துலட்சுமி வெளிப்படையாக முன்வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் சென்னை பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. எனினும் நோயைக் கண்டறிதல், அறுவை, கதிர்வீச்சு, தொடர் கண்காணிப்பு ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்கும் மருத்துவமனை தென்னிந்தியாவில் இல்லை. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941இல் தொடங்கப்பட்டது. தெற்கிலிருந்து அவ்வளவு தொலைவு செல்வது பெரும்பாலான நோயாளிகளால் இயலாத செயலாக இருந்தது.

புற்றுநோய் வந்தால் இறப்பு உறுதி என்னும் எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமின்றி ஆட்சியாளரிடமும் மருத்துவர்களிடமும் நிலவியது. குணமாகாத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்னும் கேள்வியை முத்துலட்சுமி பலமுறை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. நோயாளிகள் மிகவும் முற்றிய நிலையில் வருவதே இறப்புக்குக் காரணம், முன்னதாகக் கண்டறிந்தால் குணப்படுத்த முடியும் என்பது அவர் தரப்பு வாதம்.

1949ஆம் ஆண்டு இந்தியப் பெண்கள் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. 1952 அக்டோபரில் பிரதமர் ஜவகர்லால் நேரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மருத்துவமனையின் தொடக்ககால மருத்துவர்கள் முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் ஆவர். சாந்தா மகப்பேறு, பெண்கள் நோய் மருத்துவத்தில் உயர் பட்டம் பெற்றவர். அரசு மகளிர் மருத்துவமனையில் கிடைத்த பணியை ஏற்காமல் 1955இல் இங்கு வந்து சேர்ந்தார். பணம் செலுத்த முடியாத நோயாளிகளுக்கும் அதே தரத்தில் மருத்துவம் என்பது தொடக்கம் முதலே நிறுவனத்தின் கொள்கையாக இருந்தது. 1975ஆம் ஆண்டு இந்நிறுவனம் மண்டலப் புற்றுநோய் மையமாக அறிவிக்கப்பட்டது.

பிற பொறுப்புகளும் விருதும்

1937 முதல் 1939 வரை சென்னை மாநகராட்சியின் முதல் பெண் ஆல்டர்மேனாகப் பணியாற்றினார். 1954இல் மாநில சமூக நல ஆலோசனைக் குழுவின் தலைவரானார். 1956ஆம் ஆண்டு இந்திய அரசு இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. தன் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1964இல் வெளியிட்டார்.

மறைவு

முத்துலட்சுமி ரெட்டி 1968 ஜூலை 22 அன்று சென்னையில் தமது 81ஆம் வயதில் காலமானார்.

மறைவுக்குப் பின் தொடர்ந்த பணி

முத்துலட்சுமியின் காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்பதற்கு முறையான கணக்கு இல்லை. 1981இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தின் கீழ், சென்னை நகர மக்களிடையே காணப்படும் புற்றுநோய்களைப் பதிவு செய்யும் பதிவேடு அடையாறு மருத்துவமனையில் ஏற்படுத்தப்பட்டது. பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது கருப்பை வாய்ப் புற்றுநோயே என்பதை இப்பதிவேடு காட்டியது. அடுத்து வந்த ஆண்டுகளில் சென்னையில் இந்நோயின் வீதம் பாதிக்கும் மேல் குறைந்தது. மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்தது. ஊர்ப்புறங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயின் சுமை கூடுதலாகவே இருந்து வந்துள்ளது.

இத்தகைய பதிவேடுகளுக்கு அடிப்படையாக இருப்பது உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாடு ஆகும். 1893இல் பிரான்சைச் சேர்ந்த ஜாக் பெர்தியோன் உருவாக்கிய இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து இது வளர்ந்தது. இதன் பத்தாம் பதிப்பில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு சி53 என்பது குறியீடு. வேறு இழையங்களுக்குப் பரவாத தொடக்க நிலைக்கு டி06 என்றும், நோய் அறிகுறி எதுவும் இல்லாத பெண்ணுக்குச் செய்யப்படும் முன்னறிதல் பரிசோதனைக்கு இசட்12.4 என்றும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. மருத்துவச் செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில், பரிசோதனைக்குப் பணம் தருவது யார் என்பதை இவ்வகைக் குறியீடுகளே தீர்மானிக்கின்றன. அறிகுறி இன்றிச் செய்யப்படும் முன்னறிதல் பரிசோதனைக்கும், அறிகுறி தோன்றிய பின் செய்யப்படும் பரிசோதனைக்கும் குறியீடு வேறுபடுவதால் கட்டணமும் வேறுபடக்கூடும்.

தமிழ்நாட்டில் 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், புற்றுநோய்க்கான அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவை தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் குறியீடும் தொகையும் வரையறுக்கப்பட்டன. முன்னறிதல் பரிசோதனையோ அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணம் இன்றிச் செய்யப்படுகிறது. உடலில் எந்தத் தொல்லையும் இல்லாத ஒரு பெண் பரிசோதனைக்கு வர வேண்டுமெனில், செலவு ஒரு தடையாக இருக்கக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

எளிய முறையில் இந்நோயை முன்கூட்டியே கண்டறிய முடியும் என்பதற்கு உலக அளவில் எடுத்துக்காட்டாக அமைந்த ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடைபெற்றது. 2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ சமூக நல மருத்துவமனையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து, அடையாறு மருத்துவமனை உள்ளிட்ட நிறுவனங்களின் துணையுடன் இதனைத் தொடங்கின. மொத்தம் 114 தொகுதிகளுள் 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். அவர்களுள் 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர்.

இதில் பயன்பட்டது நீர்த்த அசிட்டிக் அமிலம். வினிகர் எனப்படும் புளிக்காடியில் இருப்பதும் இதுவே. இதனைக் கருப்பை வாயில் தடவினால், புற்றுநோயாக மாறக்கூடிய உயிரணுக்கள் உள்ள பகுதி ஓரிரு நிமிடங்களில் வெண்மையாகத் தெரியும். நுண்ணோக்கியோ ஆய்வகமோ இதற்குத் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியரே பரிசோதனையைச் செய்தனர். வெண்பகுதி காணப்பட்டவர்களுள் தகுந்தவர்களுக்கு அதனை உறையச் செய்து அகற்றும் சிகிச்சையையும் அளித்தனர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில், பிற பகுதிகளைக் காட்டிலும் இந்நோய் ஏற்படுவது 25 விழுக்காடும், இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததை 2007இல் வெளியான முடிவுகள் காட்டின.

2007ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இம்முறையைத் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. 2012 முதல் இது மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. முத்துலட்சுமி மருத்துவமனை தொடங்கிய காலத்தில், வாசுதேவநல்லூர் போன்ற தென்கோடி ஊர்களில் இருந்த ஒரு பெண் தன் நோயின் பெயரை அறிந்து கொள்ளவே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் கடந்து சென்னைக்கு வர வேண்டியிருந்தது. முற்றிய நோய்க்கான சிகிச்சைக்கு இன்றும் பெருநகர மருத்துவமனைகளை நாட வேண்டியுள்ளது. ஆனால் முதற்கட்டப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்துள்ளது. கூச்சம், அச்சம், தொல்லை ஏதும் இல்லாதபோது மருத்துவமனைக்குச் செல்வானேன் என்னும் எண்ணம் ஆகியவற்றால் பரிசோதனைக்கு வராத பெண்கள் இன்னும் பலர் உள்ளனர். 2016ஆம் ஆண்டு இந்திய அரசின் வழிகாட்டுதல், 30 வயது முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை இப்பரிசோதனையைச் செய்து கொள்ளப் பரிந்துரைத்தது.

முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தி 2010இலும், சாந்தா 2021 ஜனவரியிலும் காலமாயினர். இறுதிவரை இருவரும் அடையாறு மருத்துவமனையின் பணியிலேயே ஈடுபட்டிருந்தனர்.

நினைவுகள்

 ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமியின் பெயர் சூட்டப்பட்டது. இவருடைய பிறந்த நாளான ஜூலை 30, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை நாளாக 2019ஆம் ஆண்டு முதல் கடைப்பிடிக்கப்படுகிறது.